படகு ட்ரெய்லரின் இடது சட்டம்: 24 நாள், 2,140 டாலர்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் படகு ட்ரெய்லரின் துருப்பிடித்த இடது பக்கத்து இரும்புச் சட்டத்தை 10 நாளில் சரிசெய்து தருகிறேன் என்ற பட்டறைக்காரர் 24 நாள் எடுத்துக்கொண்டார். அந்த 24 நாளுக்குள் மெல்பேர்ன் கோப்பைப் பந்தய நாளும் வந்து போய்விட்டது. நவம்பர் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை. குதிரை பார்க்கிறவர்களுக்கு அது பந்தய நாள்; போர்ட் பிலிப் குடாவில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அது சினாப்பர் மீன் நாள். அன்று ஊரே கடலில் நின்றது. என் படகு அவருடைய பட்டறைக்குப் பின்னால் மரக்கட்டைகளின் மேல் குந்தியிருந்தது. நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை கோபத்தோடும் ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை. பாராட்டோடு குறையும் வரப்போகிறது. ஹேஸ்டிங்ஸ் பக்கத்துத் தொழிற்பேட்டையில் அவரும் வேலை பழகும் ஒரு இளம்பெண்ணும் மட்டும் இருக்கிற சின்ன இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் இருப்பது மெல்பேர்னின் டான்டினாங்கில்; மருத்துவமனையில் தாதியாக வேலை. பிறந்தது பருத்தித்துறை. அப்பா கடற்றொழிலாளி. அங்கே வள்ளத்தைக் கரையேற்ற ட்ரெய்லர் என்று எதுவும் கிடையாது. பத்துப் பேர் தோள் கொடுத்தால் மணலில் ஏறிவிடும். இங்கே பத்துப் பேருக்கு எங்கே போவது? 2016இல் ஐந்து மீட்டர் நீளக் கண்ணாடியிழைப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியபோது அதனோடு வந்தது இந்த ட்ரெய்லர். படகைத் தட்டிப் பார்த்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்து, இரண்டு வாரம் பேரம் பேசி வாங்கினேன். ட்ரெய்லரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. படகு என்னுடையது என்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கணவருக்குக் கரையில் நின்று அலையைப் பார்த்தாலே குமட்டும். கரையில் இருக்கிற எதையும் பழுது பார்ப்பது தன் பொறுப்பு என்று மட்டும் அவருக்கு ஓர் எண்ணம் உண்டு. தொழிலால் கணக்காளர்.

போன செப்டம்பரில் கேரம் பக்கத்துப் பேட்டர்சன் ஆற்று இறங்குதளத்தில் படகை ஏற்றி நீர் வடியவிட்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற வியட்நாமியப் பெரியவர் ஒருவர் என் ட்ரெய்லரின் கீழே விரலை நீட்டினார். இடது சட்டத்தின் அடியில், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. சேறு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் தன் பெட்டியிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த இடத்தில் அழுத்தினார். மைசூர்பாகில் கத்தி இறங்குவது போல இறங்கியது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் இரண்டு முறை ஆட்டினார்.

அன்று 25 கிலோமீட்டர் வேகத்தில், ஓரமாக, பின்னால் வருகிறவர்களின் ஹாரனையெல்லாம் வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். அதுவும் தவறுதான் என்று பிறகு பட்டறைக்காரர் சொன்னார். சட்டம் ஓட்டையாகிவிட்டால் மெதுவாகப் போவதால் அது கெட்டியாகிவிடாது, தட்டையான வண்டி ஒன்றை வரவழைத்து ஏற்றியிருக்கவேண்டும் என்றார்.

இனி என் கணவரின் பகுதி. சுருக்கமாகச் சொல்லத்தான் ஆசை, முடியவில்லை.

நண்பர் ஒருவரிடம் வெல்டிங் இயந்திரம் இரவல் வாங்கினார். வாயு போட்டு ஒட்டுகிற வகை அது. காற்று அடித்தால் அந்த வாயு கலைந்து ஒட்டு கெட்டுவிடும் என்று எங்கோ படித்துவிட்டு, கராஜ் கதவை முக்கால்வாசி இறக்கிக்கொண்டார். படித்தது உண்மைதான். ஆனால் எங்கள் ட்ரெய்லர் துத்தநாகம் பூசிய இரும்பு. யாழ்ப்பாணத்துப் பள்ளிப் புத்தகத்தில் நாகம் என்று படித்தோமே, அதுதான். இரும்பு உருகச் சுமார் 1,500 பாகை செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றில் பட்டு வெள்ளைத் தூளாகிறது. கதவு இறக்கிய கராஜில் இலவம்பஞ்சு போல வெள்ளை இழைகள் மிதந்ததை மகன் வந்து சொன்னான். நான் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்று மணிநேரம் ஒட்டினாராம். மூக்கில் சாதாரணத் துணி முகக்கவசம்.

இரவு ஒன்பது மணிக்குத் தேநீர் இனித்துக் கிடக்கிறது, இரும்பு நக்கியது போல இருக்கிறது என்றார். பத்தரைக்குப் பற்கள் அடித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம். காய்ச்சல் 38.8. கொரோனாப் பரிசோதனை செய்தேன், இல்லை. அப்போதுதான் கராஜ் நினைவுக்கு வந்தது. உலோகப் புகைக் காய்ச்சல். சுவாசித்துச் சில மணிநேரம் கழித்து வரும், ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் ஒட்டுக்காரர்களுக்கு அதிகம் வருவதால் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் பெயர். இருந்தாலும் நச்சுத் தகவல் மையத்தை அழைத்துக் கேட்டுக்கொண்டேன்; இரவு முழுக்க மூச்சை எண்ணினேன். பழைய போல்ட்டுகளில் சிலவற்றுக்குத் துத்தநாகத்துக்குப் பதில் காட்மியம் பூசியிருப்பார்கள். அந்தப் புகையும் இதே மாதிரிக் காய்ச்சலாகத்தான் தொடங்கும், பிறகு நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொண்டுபோய்விடும். ஆகவே மூச்சு முட்டினால் காய்ச்சல் தணியட்டும் என்று காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இவருக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. மறுநாள் மாலை எழுந்து உட்கார்ந்து புட்டு கேட்டார். இயந்திரம் கொடுத்த நண்பர் தொலைபேசியில், "பால் குடித்துவிட்டு ஒட்டியிருந்தால் ஒன்றும் வந்திருக்காது, அக்கா" என்றார். பால் வயிற்றுக்குப் போகும், தம்பி, புகை போனது நுரையீரலுக்கு என்றேன்.

ஒட்டு வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மேலே வெள்ளிப் பூச்சும் அடித்துவிட்டார். படகை மறுபடி கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஆனால் அந்த வியட்நாமியப் பெரியவரின் தலையாட்டல் கண்ணிலேயே நின்றது.

மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் இடத்தில் படத்தை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிய ஐந்து நிமிடத்தில் 400 டாலர் என்றார்கள், அன்றே கொண்டுவரலாம், படகோடு கொண்டுவரலாம். இரண்டாம் இடத்தில் எடுக்கவே இல்லை. மூன்றாவதாக நான் பேசியவர் விலை எதுவும் சொல்லவில்லை. "ட்ரெய்லர் தகட்டில் ஏ.டி.எம். எவ்வளவு?" என்று கேட்டார். ட்ரெய்லர் உலகத்தில் அது பணம் எடுக்கும் இயந்திரம் ஆகாது. ட்ரெய்லரும் அது சுமப்பதும் எல்லாம் சேர்ந்த உச்ச எடை. 1,400 கிலோ என்றேன். "வழியில் எடைமேடை இருக்கிறது, வழக்கமாகக் கடலுக்குப் போகும்போது என்னென்ன இருக்குமோ அத்தனையும் ஏற்றி எடைபோட்டு, ரசீதோடு வா. ஆனால் இந்தச் சட்டத்தில் இழுத்து வராதே." தட்டை வண்டிக்கு 220 டாலர் ஆயிற்று. எடைமேடை 1,430 காட்டியது. அந்த 30 கிலோ என் ஐஸ் பெட்டியும், இவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று படகில் போட்டுவைத்திருந்த சாமான்களும்.

இந்தப் பட்டறைக்காரரைப் பற்றி என் மனத்தில் நிற்பது அவர் செய்த ஒட்டைவிட, ஒட்ட மறுத்த விதம்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் நங்கூரப் பச்சை. படகு ட்ரெய்லரின் மேல் இருக்கும்வரை கிரைண்டரைக்கூட எடுக்கமாட்டேன் என்றார். "படகை வைத்தபடியே ஒட்டினால் ஒரு நாளில் முடியுமே" என்று என் கணவர் கேட்டார். அவர் படகின் தரையைக் காலால் தட்டினார். கீழே 60 லிட்டர் பெட்ரோல் தொட்டி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, படகின் அடிவயிற்றில் தேங்கிக் கிடக்கும். அதற்கு அரை மீட்டர் கீழே தீப்பொறி. அது ஒரு காரணம். இன்னொன்று, சுமையோடு வளைந்து நிற்கும் சட்டத்தை அப்படியே ஒட்டினால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். படகைத் தாங்கிகளிலும் அடிமரக் கட்டைகளிலும் நிறுத்தி, ட்ரெய்லரை உருவி எடுக்கவே அரை நாள் ஆயிற்று. ஜாக்கி போட்டுத் தூக்கியவுடன் சக்கரத்துக்கு ஆப்பு, சட்டத்துக்கு இரும்புத் தாங்கி. அதற்குப் பிறகுதான் அந்த இளம்பெண்ணைக் கீழே போக அனுமதித்தார். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கிறவர்களைப் பற்றி அவர் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

அன்று விடுப்பு எடுத்திருந்தேன், ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து பார்த்தேன். முதலில் இவர் ஒட்டிய பட்டையை வெட்டி எடுத்து, குறுக்கே அறுத்துக் காட்டினார். உள்ளே அப்பத்தின் நடுப்பகுதி போல ஒரே ஓட்டை. துத்தநாகத்தைத் தேய்த்து எடுக்காமல் ஒட்டினால் ஆவி உருகிய இரும்புக்குள் குமிழியாக மாட்டிக்கொண்டு இப்படி ஆகிவிடுமாம். ஒட்டுகிற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்காவது பளபளக்கும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்கவேண்டும். அவரும் அந்தப் பெண்ணும் போட்டிருந்த தலைக்கவசத்தில் இடுப்பில் கட்டிய விசிறியிலிருந்து வடிகட்டிய காற்று போய்க்கொண்டிருந்தது. ஒட்டும் இடத்துக்கு அருகில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு புகையுறிஞ்சிக் குழாய். ஆஸ்திரேலியாவில் பணியிடக் காற்றில் வெல்டிங் புகை இருக்கலாம் என்ற அளவை 2024 ஜனவரியில் கன மீட்டருக்கு 5 மில்லிகிராமிலிருந்து 1 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். அந்த விதி வருவதற்கு முன்பே தான் இதையெல்லாம் வாங்கிவிட்டதாக அவர் பெருமைப்பட்டார். இவர் தன் துணி முகக்கவசத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன்.

பிறகு பாம்பு போன்ற ஒரு காமிராவை வடிகால் துளை வழியாகச் சட்டத்துக்குள் விட்டார். எங்கள் மருத்துவமனையில் குடலுக்குள் விடுவதைப் போலத்தான். 100 மில்லிமீட்டர் உயரமும் 50 அகலமும் உள்ள செவ்வகக் குழாய் அது, சுவர் 3 மில்லிமீட்டர். வெளியே பூச்சு பிழையில்லாமல் இருக்கிறது. உள்ளே துரு அடுக்கடுக்காகச் செதில் விட்டிருக்கிறது. தாழ்வான பக்கத்துத் துளை மணலும் கடற்பாசியும் அடைத்து மூடிக்கிடந்தது. ஒவ்வொரு முறை இறக்கும்போதும் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது, வெளியேறவில்லை. நான் எட்டு ஒன்பது வருடம் ஒவ்வொரு மாலையும் ட்ரெய்லரை வெளியே மட்டும் நன்னீரால் கழுவியிருக்கிறேன்.

அப்போதுதான் விலை பேசினார். மேலே பட்டை வைத்து மூடித் தரமாட்டேன், துருவின் மேல் ஒட்டுவது மணலில் ஆணி அடிப்பது என்றார். இடது சட்டத்தில் 1.2 மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு அதே அளவு, அதே கனமுள்ள புதுக் குழாய் வைக்க 1,850. வலது சட்டமும் இப்படி இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு உன்னை அழைப்பேன், அதற்குமேல் இந்த ட்ரெய்லரில் பணம் போடாதே, புதிது வாங்கு என்றார். தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிற இந்தப் பேச்சுக்குத்தான் என் நட்சத்திரங்களில் இரண்டு.

வலது சட்டம் உள்ளே நன்றாக இருந்தது. ஆனால் பின் ஸ்பிரிங் தாங்கியின் ஒட்டு முடிகிற முனையில் மயிரிழை போல ஒரு விரிசல். சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தபோது அது 30 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சிவப்பாக எழுந்து நின்றது. விரிசல் முடிகிற இடத்தில் முதலில் ஒரு துளை போட்டார். கூர்முனையில்தான் விரிசல் வளரும். முனையை வட்டமாக்கிவிட்டால் அங்கே நின்றுவிடும். பிறகு விரிசல் முழுவதையும் ஆங்கில வி எழுத்தைப் போலக் குடைந்தெடுத்து நிரப்பினார். அதன்மேல் வைத்த வலுப்பட்டையின் இரண்டு முனையையும் பட்டம் போலச் சரித்து வெட்டி, நீளவாட்டில் மட்டும் ஒட்டினார். குறுக்கே நேர்கோடாக ஒட்டினால் சுமை அந்தக் கோட்டில் வந்து முட்டும், அடுத்த விரிசல் அங்கேதான் தொடங்கும் என்பதால். இடது பக்கம் புதுக் குழாயைச் சேர்த்த இடங்களும் அப்படியே சாய்வெட்டு. ஸ்பிரிங் தாங்கிகளிலிருந்து தள்ளி, உள்ளே ஒரு சிறு குழாயைத் துணைக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்.

காரோடு மாட்டும் இணைப்புக் குமிழிலிருந்து சக்கர அச்சின் இரண்டு நுனிக்கும் நாடா பிடித்து அளந்ததையும் பார்த்தேன். வித்தியாசம் 2 மில்லிமீட்டர். அது கூடிவிட்டால் ட்ரெய்லர் காருக்குப் பின்னால் நண்டு போலக் கோணலாக நடக்கும், டயர் ஒரு பக்கம் தேய்ந்துபோகும்.

பில் 1,850 என்பது 2,140 ஆனதற்குப் பாதிக் காரணம் என் வீட்டில் இருக்கிறது. வெல்டிங் இயந்திரத்தின் மண் இணைப்புக் கவ்வியை, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் முனையை, இவர் இடது சக்கரத்து நட்டில் மாட்டியிருந்தார். சட்டத்தில் பிடிக்க அழுக்காக இருந்ததாம். மின்சாரம் சக்கரத்துப் பேரிங் வழியாகப் பாய்ந்திருக்கிறது. உருளைகளில் ஊசிமுனை அளவுக்குக் கருப்புப் புள்ளிகள். பட்டறைக்காரர் கவ்வியை எப்போதும் ஒட்டும் இடத்துக்கு ஒரு கைப்பிடி தூரத்தில்தான் மாட்டுகிறார். பேரிங் மாற்றினார். கூடவே அச்சை ஸ்பிரிங்கோடு பிடித்து நிறுத்தும் யூ போல்ட்டுகளும் புதிது. இழுபட்ட பழையதைத் திருப்பிப் போடுவதில்லை.

இப்போது மற்ற குறைகள். துத்தநாகக் குழம்பில் மறுபடி முக்கி எடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, அச்சு, பிரேக், வயர், உருளை எல்லாவற்றையும் கழற்றவேண்டும், இந்த வயது ட்ரெய்லருக்கு அது கட்டாது என்று சொல்லி, துத்தநாகம் செறிந்த பெயின்ட்டை இரண்டு பூச்சு அடித்துத் தந்தார். ஏற்றுக்கொள்கிறேன். 450 பாகைக் குழம்பில் காற்றுத்துளை இல்லாத குழாயோ, இரண்டு தகட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஈரமோ வெடிக்கும் என்பதும் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பெயின்ட்டை வருடா வருடம் பார்த்துத் தொட்டுக்கொடுக்கவேண்டும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். நிறமும் மங்கல் சாம்பல். மற்ற இடத்தோடு சேரவில்லை. பில்லில் "சட்டகப் பழுது" என்று இரண்டே சொல். காப்புறுதிக்காரர்களுக்கு அது போதாது என்று நின்று வாங்கிய பிறகு, எங்கே வெட்டினார், என்ன கனம், எத்தனை மீட்டர் என்று பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதித் தந்தார். ஒரு படம்கூட அனுப்பவில்லை. காலை பத்து மணிக்கு முன் தொலைபேசியை எடுப்பதே இல்லை. இரவு வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு வருகிற எனக்கு அது பெரிய தொந்தரவு. தாமதத்துக்குக் காரணம் அந்த அளவுக் குழாய் வரவில்லை என்பது. வேறு கனத்தில் கையில் இருந்ததை வைத்து முடித்திருக்கலாம்; வைக்கவில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

தகட்டில் இருக்கும் 1,400 கிலோ அப்படியே இருக்கும், கெட்டியாக ஒட்டினேன் என்பதால் கூடாது என்று கிளம்பும்போது விரலை ஆட்டிச் சொன்னார். இவருடைய சாமான்கள் இப்போது கராஜில் இருக்கின்றன. பெரிய ஐஸ் பெட்டியை விற்றுவிட்டுச் சின்னது வாங்கினேன்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார்: முதல் 100 கிலோமீட்டருக்குள் யூ போல்ட் நட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார். நவம்பர் கடைசி ஞாயிறு, விடியுமுன் கொரினெல்லாவுக்குப் போனோம். வீட்டிலிருந்து எண்பது கிலோமீட்டர் போல இருக்கும். இறங்குதளத்துக்கு மேலே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் தேநீர் குடித்துக் காத்திருந்தோம். இவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முறுக்குவிசை காட்டும் ஸ்பானரோடு கீழே குனிந்தார். எட்டு நட். ஏழு அசையவில்லை. இடது முன்பக்கத்தது மட்டும் கால் சுற்று ஏறியது. "இஞ்சாரும், இதைக் குறித்துக்கொள்ளும்" என்றார். குறித்துக்கொண்டு படகின் கட்டை அவிழ்த்தேன். அவர் கரையிலேயே நின்றுகொண்டார்.